4×4 வண்டியின் கதவில் பார்க்கிங் சொட்டை விழாமல் காப்பது எப்படி: உயரம் அளப்பதில் தொடங்கும் முழு வழிகாட்டி

பக்கத்துக் காரின் கதவு இடித்து உங்கள் கதவில் விழும் பள்ளம்தான் பார்க்கிங் சொட்டை. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஃபார்ச்சூனரின் அகலம் 1,855 மி.மீ., பக்கத்து ஸ்விஃப்ட் 1,735 மி.மீ. இரண்டும் அவரவர் கோட்டுக்கு நட்டநடுவில் நின்றால் இடைவெளி 705 மி.மீ. ஸ்கார்பியோ-என் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது 583 ஆகச் சுருங்கிவிடும். கண்ணாடிகள் வேறு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

கதவின் கணக்கையும் பாருங்கள். முன்கதவு 1,100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரி திறக்கும்போது அதன் நுனி 550 மி.மீ. வெளியே வரும். 65 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர். கதவு திறக்கும்போது நடுவில் ஒன்றிரண்டு இடங்களில் தானாக நிற்குமே, அதுதான் பிடிப்பு. ஆக முதல் பிடிப்பில் நின்றால் தப்பிக்கலாம், இரண்டாவது பிடிப்புக்குப் போனால் இடி உறுதி. மூன்று கதவு மஹிந்திரா தார் போல நீளக் கதவு வைத்த வண்டிக்கு முதல் பிடிப்பிலேயே விரல் நுழையும் இடம்தான் மிஞ்சும்.

இதற்காக ஆக்ஸசரீஸ் கடைக்குப் போய் "சைடு பீடிங் போடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். கதவின் குறுக்கே நீளவாக்கில் ஒட்டும் பட்டைதான் பீடிங். கடைக்காரரும் கதவின் அழகான கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே ஒட்டி அனுப்பிவிடுவார். அடுத்த மாதம் பீடிங்குக்கு நாலு விரல் கீழே சொட்டை விழுந்திருக்கும். பீடிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை, உயரத்தை யாரும் அளக்கவில்லை. சாதாரண காருக்கு இந்தத் தவறு அவ்வளவாகத் தெரியாது. அக்கம்பக்கத்துக் கார்களும் ஏறக்குறைய அதே உயரம் என்பதால் எங்கே ஒட்டினாலும் ஓரளவு பொருந்திவிடும். லேடர் ஃப்ரேம் மேல் பாடி உட்காரும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226, ஸ்விஃப்டின் 163. அடிப்பாகத்திலேயே 63 மி.மீ. வித்தியாசம், அதற்கு மேல் ஃப்ரேமின் உயரம் வேறு சேரும். சின்னக் காரின் கதவு உங்கள் கதவின் கீழ்ப்பாதியில் இடிக்கும். உங்கள் கதவோ அவர்கள் கதவின் மேல்பாதியில் போய் இடிக்கும்.

படி 1: யார் எங்கே இடிக்கிறார்கள் என்று அளப்பது

வேண்டியவை: ஒரு இன்ச் மாஸ்கிங் டேப், பென்சில், டேப் அளவுகோல், ஒரு மீட்டருக்குக் குறையாத நேரான கட்டை அல்லது அலுமினியப் பட்டை. அரை மணி நேரம் போதும்.

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கதவிலும் மேலிருந்து கீழாக மூன்று இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்: கீல் பக்கம், நடு, பூட்டுப் பக்கம். தினமும் உங்கள் பக்கத்தில் நிற்கும் கார் எதுவோ, அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவர் கதவை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். அதன் விளிம்பு டேப்பைத் தொடும் புள்ளியில் பென்சில் குறி போடுங்கள். முன்கதவு, பின்கதவு இரண்டையும் பாருங்கள், இரண்டும் ஒரே உயரத்தில் தொடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை என்றால் வேறு வழி உண்டு. வேறு எந்தக் காரின் கதவையும் பாதி திறந்து, அந்த நேரான கட்டையைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, கதவு விளிம்பின் அருகே நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடம் முதலில் கட்டையைத் தொடுகிறதோ அதுதான் அந்தக் காரின் இடிக்கும் உயரம். தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களின் ஒரு ஹேட்ச்பேக், ஒரு செடான், ஒரு எஸ்யூவி என மூன்றை அளந்தால் ஒரு பட்டை கிடைக்கும். குறிகள் 590, 640, 720 என்று விழுந்தால் உங்கள் கதவில் காக்க வேண்டிய பகுதி 580 முதல் 730 வரை. இதை 25 மி.மீ. அகலப் பீடிங் ஒன்றை வைத்து மூட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிடும். மூன்று குறிகளில் தினமும் பக்கத்தில் நிற்கும் காரின் குறி எதுவோ அதற்குப் பீடிங், மற்றதற்கு வேறு ஏற்பாடு.

பிறகு டயரைப் பெரிதாக்கினாலோ, லிஃப்ட் கிட் போட்டாலோ இந்த அளவெல்லாம் செல்லாது. இரண்டு இன்ச் லிஃப்ட் என்றால் கதவு 50 மி.மீ. மேலே போய்விடும், பக்கத்துக் காரின் கதவு அங்கேயேதான் இருக்கும். லிஃப்ட் முடிந்த பிறகு பீடிங் ஒட்டுங்கள்.

நம்மூரில் கதவை விடப் பெரிய எதிரி ஒன்று உண்டு: இரண்டு காருக்கு நடுவே செருகி நிறுத்தும் டூவீலர். ஹேண்டில் நுனியும் பிரேக் லீவரும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் வரும், ஃபுட்ரெஸ்ட் கீழே வரும். பீடிங் இருக்கும் பட்டைக்கு இரண்டுமே சம்பந்தமில்லை. வெயிலில் இளகிய தார்த்தரையிலும் மண்தரையிலும் சைடு ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதையும். காலையில் நேராக நின்ற பைக் மதியம் உங்கள் கதவில் சாய்ந்திருக்கும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு தகடோ டைல்ஸ் துண்டோ அங்கேயே கிடக்கட்டும். பைக் உங்கள் கதவுக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி நிறுத்தச் சொன்னால் இன்னும் நல்லது. காசே செலவில்லாத பாதுகாப்பு இது.

படி 2: முதலில் உங்கள் கதவைக் கட்டுப்படுத்துங்கள்

உயரமான வண்டியில் இருந்து இறங்குபவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். உடம்பின் எடை கதவில் விழும், கதவு முதல் பிடிப்பைத் தாண்டி இரண்டாவதுக்குப் போகும், பக்கத்துக் காரில் இடிக்கும். உங்கள் கதவின் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கதவுத் தூணில் உள்ள கைப்பிடியைப் பிடித்து, முகம் வண்டியைப் பார்த்தபடி இறங்கும் பழக்கம் வந்தால் கதவுக்கு எடையே போகாது. வயதானவர்களை இடுக்கான இடத்தில் இறக்காமல் முன்னாலேயே இறக்கிவிட்டுப் பிறகு பார்க் செய்வதே மரியாதை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்கதவில் சைல்டு லாக் எப்போதும் போட்டே இருக்கட்டும்.

அடுத்து டோர் செக், அதாவது கதவையும் தூணையும் இணைக்கும் அந்தக் கம்பி. கதவு ஒரு இடத்தில் நின்று, கொஞ்சம் தள்ளினால் அடுத்த இடத்துக்குப் போவது இதனால்தான். தேய்ந்துவிட்டால் கதவு எங்கும் நிற்காது, சாய்தளத்தில் தானாகவே விரியும். பரிசோதிப்பது எளிது. அடித்தள பார்க்கிங்குக்கு இறங்கும் சாய்வில், பக்கத்தில் எதுவும் இல்லாத நேரத்தில் வண்டியை மூக்கு கீழ்நோக்கி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கதவை முதல் பிடிப்பு வரை திறந்து கையை எடுங்கள். நின்றால் நல்லது. தானாகத் திறந்துகொண்டே போனால் முதலில் பழைய அழுக்கைத் துடைத்து ஒயிட் லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அது இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். அப்புறமும் நிற்கவில்லை என்றால் செக்கையே மாற்ற வேண்டும். பொதுவாகத் தூணில் ஒரு போல்ட், கதவின் விளிம்பில் இரண்டு நட், உள்ளே டிரிம்மைக் கழற்றி எடுக்கும் வேலை.

கதவு விளிம்புக்கான எட்ஜ் கார்டில் இரண்டு வகை உண்டு. யு வடிவ ரப்பருக்குள் இரும்புக் கிளிப் வைத்தது அடித்துச் செருகினால் உட்கார்ந்துவிடும், பசை வேண்டாம். ஆனால் வண்டி அதிரும்போது அந்தக் கிளிப் பெயின்ட்டை உள்ளேயே அரைக்கும், மழைநீரும் தங்கும். கடலோர ஊர்களில் ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் விளிம்பு முழுக்கத் துரு. கிளிப் இல்லாத, உள்ளே பசை உள்ள வகையை வாங்குங்கள். நான்கு கதவுக்கும் ஐந்து மீட்டர் ரோல் ஒன்று தாராளம், ஏனென்றால் விளிம்பு முழுக்கப் போட வேண்டியதில்லை. கைப்பிடி உயரத்தில் தொடங்கி கீழ் வளைவு வரை போதும். வளைவில் ரப்பர் மடங்கி நிற்கும், உள்பக்கம் மட்டும் 'வி' வடிவில் இரண்டு மூன்று வெட்டு கொடுத்தால் படிந்துவிடும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை எட்ஜ் கார்டோ ஃபிலிமோ மூடிவிடக் கூடாது. மூடினால் கதவு உள்ளிருந்து அழுகும், வெளியே தெரியும்போது டிங்கரிங் வேலை பெரிதாகியிருக்கும்.

படி 3: பீடிங் தேர்வும் ஒட்டும் முறையும்

முதல் கேள்வி தடிமன். பீடிங் கதவின் மிகப் புடைத்த இடத்தை விட வெளியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது அலங்காரம். நேரான கட்டையைக் கதவில் செங்குத்தாகச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் ஒட்ட நினைக்கும் இடத்தில் கட்டைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதை விடக் குறைந்தது 8 மி.மீ. கூடுதல் தடிமன் வேண்டும். ஜிம்னி, தார் போல நேர்ச்சுவர்க் கதவில் இடைவெளி குறைவு, 12 மி.மீ. பீடிங்கே வேலை செய்யும். இடுப்பு ஒடுங்கிய கதவில் 20 மி.மீ. தேவைப்படலாம். சக்கர வளைவின் பிளாஸ்டிக் ஃப்ளேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது காக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. காக்காது. பக்கத்துக் கதவு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில்தான் வந்து இடிக்கிறது.

பொருள் என்றால் உள்ளே பொள்ளலான மெல்லிய குரோம் பட்டை வேண்டாம், அழுத்தினால் நெகிழும் கெட்டி ரப்பர் அல்லது பி.வி.சி. வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். கல் மாதிரி இருந்தால் இடியை அப்படியே தகட்டுக்குக் கடத்திவிடும். வெளித்தகடு ஒரு மி.மீ. தடிமன்கூட வராது, அது தாங்காது. துளை போட்டு ஸ்க்ரூவில் பொருத்துகிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். துளை விழுந்த இடத்திலிருந்து துரு கிளம்பும், உள்ளே கண்ணாடி இறங்கும் பாதையும் வயரும் இருக்கின்றன.

சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஆக்ஸசரீஸ் சந்தைகளில் வாங்கும் செட்டோடு பின்னால் ஒட்டியே வரும் டபுள் டேப் பல நேரம் மட்டமானது. பஞ்சு மாதிரி வெள்ளை ஃபோம் என்றால் சந்தேகமே வேண்டாம், உரித்துப் போடுங்கள். வாகனங்களுக்கான அக்ரிலிக் ஃபோம் டேப், 3எம் வி.எச்.பி. அல்லது அதற்கு இணையானது, 12 மி.மீ. அகலம், 0.8 முதல் 1.1 மி.மீ. தடிமன் வாங்குங்கள். முன்கதவும் பின்கதவும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு இரண்டு மீட்டர் பீடிங் என்றால், மேலும் கீழுமாக இரண்டு வரிசை டேப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு மீட்டர். பத்து மீட்டர் ரோல் வாங்கினால் வெட்டுச் சேதாரமும் அடங்கும்.

ஒட்டும் வேலைக்குத் தகடு 21 முதல் 38 டிகிரி சூட்டில் இருப்பது நல்லது. மே மாதம் வெயிலில் நின்ற கறுப்புக் கதவில் கை வைக்கவே முடியாது. அந்தச் சூட்டில் ஒட்டினால் டேப் இழுபட்டு, ஆறும்போது ஓரம் தூக்கும். காலை நேரம், நிழல். மழைநாளில் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், அன்று வேண்டாம்.

கதவை ஷாம்பு போட்டுக் கழுவி முழுக்கக் காய விடுங்கள். வேக்ஸ், சிலிக்கான் பாலிஷ், செராமிக் கோட்டிங் இருந்தால் டேப் அதன் மேல்தான் ஒட்டும், பெயின்ட்டில் ஒட்டாது. செராமிக் போட்ட வண்டி என்றால் பீடிங் பட்டையில் மட்டும் பாலிஷ் கொண்டு அதை எடுக்க வேண்டியிருக்கும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடைத்து, ஆவியாவதற்குள் காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹேண்ட் சானிடைசரைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கை வறண்டு போகாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அந்தப் பிசுக்கு ஒன்றே பசையைக் கெடுக்கப் போதும்.

படி 1-இல் குறித்த உயரத்தில் முன்கதவு முனை முதல் பின்கதவு முனை வரை மாஸ்கிங் டேப்பை ஒரே நேர்கோடாக இழுங்கள். அதன் மேல்விளிம்புதான் பீடிங்கின் கீழ்விளிம்பு. இழுத்த பிறகு ஐந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தரைக்குச் சமமாக இருந்தும் பாடி கோட்டோடு ஒட்டாமல் கோணலாகத் தெரியும் வண்டிகள் உண்டு. 5 மி.மீ. வரை கண்ணுக்காக விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் விட்டுக்கொடுத்தால் அளந்ததற்கு அர்த்தமில்லை.

கதவின் ஓரத்திலிருந்து பூட்டுப் பக்கம் 5 மி.மீ., கீல் பக்கம் 10 மி.மீ. விட்டுப் பீடிங்கை வெட்டுங்கள். கீல் பக்கம் ஏன் கூடுதல் என்றால், கதவு திறக்கும்போது அந்த ஓரம் உள்பக்கமாகச் சுழன்று ஃபெண்டரை நெருங்கும். நீட்டி விட்டால் முதல் தடவை முழுக்கத் திறக்கும்போதே ஃபெண்டர் பெயின்ட்டைச் செதுக்கிவிடும். ஆகவே டேப் உரிப்பதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் பீடிங்கைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, எல்லாக் கதவையும் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள்.

டேப்பின் லைனரை, அதாவது பசையை மூடியிருக்கும் தாளை, ஒரேயடியாக உரிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் ஐந்து செ.மீ. மட்டும் உரித்து வெளியே மடித்துவிட்டு, பீடிங்கைக் கோட்டில் வைத்து முனைகளை லேசாக அமுக்குங்கள். இடம் சரியென்றால் மடித்த வாலைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே பின்னால் இன்னொரு கையால் அமுக்கி வாருங்கள். வி.எச்.பி. ஒருமுறை பிடித்தால் நகர்த்த முடியாது, உரித்து மறுபடி ஒட்டினால் பாதி வலுதான் இருக்கும்.

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது அழுத்தத்தில். இந்த டேப்புக்குச் சொல்லும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 12 மி.மீ. டேப் பத்து செ.மீ. நீளத்துக்கு 12 சதுர செ.மீ. வரும், ஆக அந்தப் பத்து செ.மீ.க்கு 12 கிலோ. இரண்டு வரிசைக்கு அதில் இரட்டிப்பு. விரலால் தடவிவிடுவது இதன் கிட்டக்கூட வராது. குளியலறை வெயிங் மெஷினைக் கையால் அமுக்கி 24 கிலோ எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு உள்ளங்கையால், தோளின் எடையைக் கொடுத்து, பத்துப் பத்து செ.மீ.யாக அமுக்கிப் போங்கள். ரப்பர் ரோலர் இருந்தால் இன்னும் சீராக வரும். தகடு வளையும் என்று பயந்தால் உள்பக்கம் ஒருவரை அணைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இருபது நிமிடத்தில் பாதி வலு வந்துவிடும், ஒரு நாளில் தொண்ணூறு சதவீதம், முழுமைக்கு 72 மணி நேரம். அந்த மூன்று நாளும் வாட்டர் வாஷ் கிடையாது. வாட்ச்மேனிடமும் வண்டி துடைக்க வருபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர்கள்தான் மறுநாள் காலையிலேயே வாளியோடு வந்து நிற்பார்கள்.

படி 4: ஃபிலிம் எதைக் காக்கும், எதைக் காக்காது

பி.பி.எஃப். எனப்படும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம், 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள டி.பி.யு. என்ற நெகிழும் பிளாஸ்டிக், அதாவது அதிகபட்சம் 0.2 மி.மீ. பைக் லீவரின் கீறல், ஷாப்பிங் டிராலியின் உரசல், ஈரமில்லாத துணியால் தேய்த்த வட்டக்கோடு எல்லாவற்றையும் தடுக்கும். சொட்டையைத் தடுக்காது. செராமிக் கோட்டிங் அதை விடப் பல மடங்கு மெல்லியது, அதை வைத்துக் கதவு இடியைத் தடுக்கலாம் என்று விற்பவரிடம் விவாதிக்கத் தேவையில்லை, கிளம்பிவிடலாம்.

வண்டி முழுக்க ஃபிலிம் போடும் செலவு எல்லோருக்கும் கட்டாது. பார்க்கிங் பாதிப்புக்கு மட்டும் என்றால் மூன்று இடம் போதும்: கதவு விளிம்பைச் சுற்றி மடியும் 6 மி.மீ. பட்டை, கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி, பைக் ஹேண்டில் உயரத்தில் கதவின் குறுக்கே ஒரு பட்டை. டிங்கரிங் செய்து புதிதாகப் பெயின்ட் அடித்த கதவென்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். காயாத பெயின்ட்டின் மேல் ஒட்டினால் கரைப்பான் வெளியேற வழியின்றிக் கொப்புளம் போடும், பிறகு ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

படி 5: காந்தப் பட்டையும் தொங்கும் மெத்தையும்

பார்க் செய்த பிறகு ஒட்டி, கிளம்பும் முன் கழற்றும் காந்த மெத்தைகளுக்கு ஒரு பெரிய நன்மை: உயரத்தைத் தினம் தினம் மாற்றிக்கொள்ளலாம், பத்து பதினைந்து செ.மீ. பட்டையையும் மூடலாம். ஆனால் கதவு இரும்பாக இருக்க வேண்டும். ஜீப் ரேங்லர் ஜே.எல்., புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இவற்றின் கதவுகள் அலுமினியம், காந்தம் நிற்காது. ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவற்றின் கேடு தூசி. காந்தத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மணல் துகள் ஒன்று சிக்கினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைக்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கதவுக்கு நீங்களே எதிரி. ஒட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் இழுக்காமல் நேராக வெளியே எடுங்கள். திருட்டுப் போகாமல் இருக்க ஒரு முனையில் நாடா கட்டி, முடிச்சைக் கதவுக்கு உள்ளே போட்டு மூடிக்கொள்ளலாம், நாடா தட்டையாக இருந்தால் மழைநீர் கசியாது. மாட்டியிருப்பதை மறந்து கிளம்பிவிடுவதும் நடக்கும், அதற்கு நாடாவின் உள்முனையை ஸ்டியரிங்கில் தொங்க விடுங்கள்.

படி 6: சொந்த ஸ்லாட்டைச் சரி செய்தல்

தூண் ஓரத்து ஸ்லாட் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி, ஒரு பக்கம் கார் வராது. ஆனால் தூணுக்கு மெத்தை வேண்டும். கதவைத் திறந்து தூணில் எங்கே தொடுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு மேலும் கீழும் 20 செ.மீ. கூடுதலாக விட்டு மறைத்தால் போதும், தரை முதல் கூரை வரை வேண்டியதில்லை. ஜிம் தரைக்குப் போடும் ஈ.வி.ஏ. ஷீட், 12 முதல் 20 மி.மீ. தடிமன், மலிவானது, வேலையும் செய்யும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த தூணில் நேரடியாக ஒட்டினால் பெயின்ட்டோடு சேர்ந்து உரிந்து விழும். ஒட்டும் இடத்தைப் பூச்சு தெரியும் வரை சுரண்டி, தூசி தட்டி, ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையைத் தூணிலும் ஷீட்டிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர விட்டு, பிறகு அமுக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

மஞ்சள்-கறுப்பு ரப்பர் கார்னர் கார்டை ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவதென்றால் துளையின் ஆழம் முக்கியம். கான்கிரீட் தூணில் கம்பிக்கு மேல் 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது கட்டுமான விதி. 30 மி.மீ. ஆழத்துக்கு மேல் டிரில்லை விடாதீர்கள், பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷனில் கேட்டுவிட்டுச் செய்வது பிற்பாடு வரும் சண்டையை மிச்சப்படுத்தும்.

வீல் ஸ்டாப்பர் கதவுக்கு என்ன செய்யும் என்று தோன்றலாம். வண்டி தினமும் ஒரே இடத்தில் நின்றால் உங்கள் கதவு தூணைத் தொடாத நிலையைத் தேர்ந்துகொள்ளலாம், பக்கத்துக் கதவு உங்கள் கதவில் எங்கே வந்து தொடும் என்பதும் மாறாது. பாதுகாப்பான நிலையில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஸ்டாப்பரை அங்கே வையுங்கள். பின்பக்கமாக விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்டெப்னி தொங்கும், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு வைத்த வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் கதவு பாதியில் சுவரை முட்டும். போடியம் தளத்தில், அதாவது கீழ்த்தளத்துக்குக் கூரையாகவும் இருக்கும் தளத்தில், தரையைத் துளைக்கவே கூடாது, வாட்டர்ப்ரூஃபிங் போய்விடும். அங்கே எபாக்ஸி கொண்டு ஒட்டுங்கள்.

படி 7: வெளியிடத்தில் எங்கே நிறுத்துவது

மால் பார்க்கிங்கில் லிஃப்ட் வாசலுக்குப் பக்கம் ஆள் நடமாட்டமும் டிராலியும் அதிகம், ஒரு நாளில் நாலைந்து கார் மாறும். ஐம்பது அடி நடந்தால் கிடைக்கும் மூலை ஸ்லாட்டில் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு காருக்கு நடுவில்தான் இடம் என்றால் பக்கத்துக் காரின் எந்தப் பக்கம் உங்களை நோக்கி இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் ஒருவர் மட்டும் வந்த கார் என்றால் இடப்பக்கக் கதவு திறக்க வாய்ப்பு குறைவு, அந்தப் பக்கம் நெருங்கி நின்று மறுபக்கம் இடம் விடலாம். பின்சீட்டில் குழந்தை இருக்கை தெரிந்தால் அந்தப் பக்கத்தை விட்டு விலகுங்கள், பெற்றோர் கதவை முழுக்கத் திறந்துதான் ஆக வேண்டும். ஸ்லாட்டின் நடுவில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை, கோட்டுக்குள் நின்றால் சரி.

சைடு ஸ்டெப் இருந்தால் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. பக்கத்துக் காரின் கதவு அடிப்பாகம் ஸ்டெப்பில் முதலில் தட்டினால் உங்கள் கதவு தப்பும், அவருடைய கதவு நசுங்கும், பிறகு பேச்சு வளரும்.

படி 8: எல்லாம் மீறி விழுந்துவிட்டால்

கதவில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு கோடு தெரிந்தால் உடனே பெயின்டரிடம் ஓட வேண்டாம். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் அடுத்த வண்டியின் பெயின்ட் உங்கள் கதவில் ஒட்டியதுதான். ரப்பிங் காம்பவுண்டை மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு எடுத்து, லேசாகத் தேய்த்தால் போய்விடும்.

சொட்டை விழுந்து பெயின்ட் வெடிக்காமல் இருந்தால் பி.டி.ஆர். எனப்படும், உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் முறையே நல்லது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கதவின் ஓரம், கூர்மையான பாடி கோடு, உள்ளே பக்க இடி தாங்கும் பீம் மறைக்கும் இடம் இவற்றில் கம்பி நுழைவது சிரமம். வெந்நீர், ஹேர் டிரையர், ஐஸ்கட்டி வைத்தியம் பிளாஸ்டிக் பம்பருக்குச் சில நேரம் பலிக்கும், இரும்புக் கதவில் பலிக்காது.

பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தால், அதுவும் கடற்கரை ஊரில், அந்த வாரமே மூடிவிடுங்கள். உங்கள் நிறத்துக்கான பெயின்ட் குறியீட்டு எண் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் மெல்லியதாக ஒரு கோட், காய்ந்ததும் கலர் இரண்டு கோட், கடைசியாக கிளியர். ஒரே தடவையில் குழியை நிரப்ப நினைத்தால் மேடாகித் தனியாகத் தெரியும், பல்குத்தும் குச்சி நுனியால் வைத்தால் அளவு கைக்குள் நிற்கும்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா என்பது கணக்கு. 1,500 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிக்குக் கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 2,000 ரூபாய், அதற்குக் கீழே 1,000. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் நோ கிளெய்ம் போனஸ், ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு வந்துவிடும், தனியாகப் போனஸ் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர. உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள், அடுத்த வருடம் இழக்கப்போகும் போனஸைக் கழிவோடு கூட்டுங்கள். டிங்கர் சொன்ன தொகை அதை விடக் குறைவென்றால் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.